வெட்டாமல் காத்திருந்த நான்கு நாட்கள்: உதரவிதானத்தில் ஓட்டையோடு பிறந்த ஒரு குழந்தையின் நிகழ்வு ஆய்வு

பெண் குழந்தை. 39 வாரம் முடிந்து சுகப்பிரசவம், எடை 2.9 கிலோ. பிறந்ததும் ஒருமுறை மெலிதாக அழுதிருக்கிறாள், அப்புறம் அழவில்லை. உடம்பு நீலம் பாரித்துவிட்டது. பிரசவம் பார்த்த இடத்தில் முகத்தில் மாஸ்க் வைத்து, பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள். அழுத்த அழுத்த நிலைமை மோசமானது. எட்டாவது நிமிடத்தில் மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட்டு, ஆம்புலன்ஸில் எங்களிடம் அனுப்பினார்கள். எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தபோது வயது மூன்று மணி நேரம்.

குழந்தையை வெறும் கண்ணால் பார்த்தே பாதி விஷயம் புரிந்துவிட்டது. பிறந்த குழந்தையின் வயிறு கொஞ்சம் உப்பலாக இருக்க வேண்டும். இவளுக்கு வயிறு உள்வாங்கி, ஓடம் போலக் குழிந்திருந்தது. நெஞ்சு மட்டும் பீப்பாய் மாதிரி. இடது பக்கம் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் காற்று போகும் சத்தமே இல்லை. இதயத் துடிப்பை வலது பக்கம்தான் கேட்க முடிந்தது. வயிற்றில் இருக்க வேண்டியவை வயிற்றில் இல்லை என்றால், எங்கே போயிருக்கும் என்று தேட வேண்டியதே இல்லை.

எக்ஸ்ரே எடுத்தோம். இடது நெஞ்சு முழுக்கக் காற்று நிறைந்த வளையங்கள், இதயம் வலப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது, வயிற்றில் காற்று அனேகமாக இல்லை. நுரையீரலில் பிறவியிலேயே வரும் நீர்க்கட்டிகளும் படத்தில் கிட்டத்தட்ட இப்படியே தெரியும். அதனால் படம் எடுக்கும் முன்பே வாய் வழியாக இரைப்பைக்கு ஒரு குழாயை இறக்கிவிடுவது நல்ல பழக்கம். அந்தக் குழாயின் நுனி படத்தில் இதயத்துக்கு இடதுபுறம், நெஞ்சுக்குள் சுருண்டு நின்றது. இரைப்பையே மேலே ஏறிவிட்டிருந்தது. பிறவி உதரவிதானக் குடலிறக்கம், இடது பக்கம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரைதான் உதரவிதானம், அதில் உள்ள ஓட்டை வழியாகக் குடல் மேலே ஏறிவிடுவதுதான் இந்த நோய். பிராகில் உடற்கூறியல் கற்பித்த போக்டாலெக் 1848-ல் விவரித்த அதே பின்பக்க ஓட்டை.

மாஸ்க் வைத்து மூச்சுக் கொடுத்தது ஏன் கெடுதலாயிற்று என்பதும் இதோடு விளங்கும். மாஸ்க்கில் கொடுக்கும் காற்று நுரையீரலுக்கு மட்டும் போவதில்லை, உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்கும் குடலுக்கும் போகும். அவை இரண்டும் நெஞ்சுக்குள் இருந்தால், ஒவ்வொரு அழுத்தலும் நுரையீரலை இன்னும் நெருக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் எதுவும் இல்லை என்றுதான் எழுதியிருந்தது. ஸ்கேனில் தப்பிவிடுகிற குழந்தைகள் இன்றும் உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு மூச்சுக் கொடுப்பவர் என்ன செய்வார், கையில் இருப்பதைத்தான் செய்வார்.

வந்ததும் எடுத்த ரத்த வாயு அளவுகள் இவை: பிஹெச் 7.12, கார்பன் டை ஆக்சைடு 78 மி.மீ. பாதரசம், ஆக்சிஜன் 48. வென்டிலேட்டரில் 100 சதவீத ஆக்சிஜன், உச்ச அழுத்தம் 28, சராசரி அழுத்தம் 14. ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ப்ரோப் வலது கையில் 82 சதவீதம் காட்டியது, பாதத்தில் மாட்டியது 64. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் இந்த நோயின் கதை இருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது நுரையீரலைத் தவிர்த்து ரத்தம் போவதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பிறந்ததும் அது மூட வேண்டும். நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகிக் கிடந்தால், ரத்தம் அதற்குள் நுழைய முடியாமல் அந்தக் குறுக்குவழியாகவே கீழ் உடம்புக்குப் பாய்ந்துவிடும். அந்தத் திருப்பத்துக்கு முன்னால் பிரியும் குழாயில் வருவது வலது கையின் ரத்தம். பின்னால் பிரிவது பாதத்தினுடையது. ஆகவே கை நல்லபடியாகவும் கால் மோசமாகவும் இருக்கும். எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், பார்த்ததும் அதுதான். இதயத்தில் குறை எதுவும் இல்லை, நுரையீரல் ரத்த அழுத்தம் மட்டும் உடம்பின் அழுத்தத்தைத் தாண்டி நின்றது.

பொதுவாக ஒரு தவறான எண்ணம் உண்டு, மருத்துவம் படிக்கிறவர்களிடமும் உண்டு: ஓட்டை இருக்கிறது, குடல் மேலே போய் நுரையீரலை நசுக்குகிறது, குடலைக் கீழே இழுத்து ஓட்டையை அடைத்தால் நுரையீரல் விரிந்துவிடும். அப்படி நடப்பதில்லை. உதரவிதானம் கரு உருவான முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் மூடியிருக்க வேண்டியது. மூடாமல் போனால் குடல் அப்போதே மேலே ஏறிவிடும். மீதி ஆறு மாதமும் நுரையீரல் வளர இடமில்லாமல், கிளைகள் குறைந்து, ரத்தக் குழாய்களின் சுவர் தடித்து வளரும். பிறக்கும்போது ஓட்டையை அடைப்பது தையல் வேலை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். குழந்தையின் உயிரை எடுப்பது வளராத நுரையீரலும் இறுகிய ரத்தக் குழாய்களும். தையலால் அந்த இரண்டையும் ஒன்றும் செய்ய முடியாது.

அன்று அறுவை செய்யவில்லை.

இரவு ஏழு மணிக்கு வெளியே வந்தபோது குழந்தையின் அம்மாவழிப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, நெஞ்சுக்குள்ள குடல் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க? பணம் கட்டணும்னா சொல்லுங்க."

"பணம் இல்லம்மா காரணம்" என்றேன். "இப்ப கத்தி வச்சா குழந்தை மேஜையிலேயே போயிடும். மூச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வரட்டும்."

அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை அறுவை நிபுணரிடம் கேட்டிருந்தால், பாட்டி சொன்னதுதான் சரி என்று அவரும் சொல்லியிருப்பார்.

புத்தகங்கள் என்ன சொன்னன

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் வில்லியம் லாடும் ராபர்ட் க்ராஸும் 1940-ல் இந்த நோய்க்கான தங்கள் அனுபவத்தை வெளியிட்டார்கள். அறுவை செய்த 16 குழந்தைகளில் 9 பேர் பிழைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. நாள் கடத்தாமல், பிறந்த முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்ய வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து எழுதிய குழந்தைகள் வயிற்று அறுவை நூல் வந்தது. 1946-ல் க்ராஸ் பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குழந்தைக்கு அறுவை செய்து பிழைக்க வைத்ததை எழுதினார். 1953-ல் க்ராஸ் தனியாக எழுதிய பெரிய நூல் வந்தது. ஒரு தலைமுறைக்கு அதுதான் பாடம். கூடிய சீக்கிரம் அறுவை என்பது அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்காத விதியானது.

அந்த விதி தப்பான கணக்கில் பிறந்ததல்ல, ஆனால் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. லாடும் க்ராஸும் அறுவை செய்த குழந்தைகளில் மிக இளையவளுக்கோ இளையவனுக்கோ வயது 40 மணி நேரம். அதாவது வென்டிலேட்டர் இல்லாத காலத்தில், 40 மணி நேரம் தன் மூச்சில் தாக்குப்பிடித்த குழந்தை. நுரையீரல் ஓரளவு நன்றாக இருந்தவர்கள்தான் அறுவை மேஜை வரைக்குமே வந்தார்கள். மற்றவர்கள் வழியிலேயே, சிலர் பிரசவ அறையிலேயே போய்விட்டார்கள். கணக்கில் வராத இந்தச் சாவுகளைத்தான் அமெரிக்கக் குழந்தை அறுவை நிபுணர் மைக்கேல் ஹாரிசன் 1978-ல் 'மறைந்திருக்கும் இறப்பு' என்று பெயரிட்டுச் சுட்டிக்காட்டினார். ஆம்புலன்ஸும் வென்டிலேட்டரும் மேம்பட மேம்பட, மோசமான குழந்தைகளும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களையும் உடனே மேஜையில் ஏற்றினார்கள். நோய் அறுவைக்கு அடங்காதது போலத் தோன்ற ஆரம்பித்தது.

1980-களில் மூன்று நான்கு இடங்களில் தனித்தனியாக விழிப்பு வந்தது. நியூயார்க்கில் ஜென்-டியன் வுங், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினாலும் பரவாயில்லை, வென்டிலேட்டரை மென்மையாக ஓட்டுங்கள் என்று 1985-ல் எழுதினார். அப்போது உலகம் முழுக்க வழக்கம் நேர்மாறு: வேகமாகவும் பலமாகவும் மூச்சுக் கொடுத்து ரத்தத்தைக் காரமாக்கினால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் விரியும் என்று நம்பினார்கள். 1987-ல் டொரண்டோவிலிருந்து வந்த ஒரு சிறு ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. அறுவைக்கு முன்னும் பின்னும் குழந்தைகளின் மூச்சு மண்டலம் எவ்வளவு எளிதாக விரிகிறது என்று அளந்து பார்த்தார்கள். ஓட்டையை அடைத்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு அது மோசமாகியிருந்தது. அறுவை நல்லது செய்யும் என்று எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில், ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இந்த மாற்றம் புத்தகத்தில் எப்போது ஏறியது என்று பார்த்தால் சுவாரசியமான விஷயம் ஒன்று கிடைக்கிறது. எங்கள் துறையில் 'கோரன்' என்று நாங்கள் சொல்லும் இரண்டு தொகுதி நூலின் முதல் பதிப்பு 1962. அப்போது ஆசிரியர்கள் வேறு. ஏழாம் பதிப்பு 2012-ல் ஆர்னால்ட் கோரன் பெயரோடு வந்தது. ஐம்பது வருஷத்தில் ஏழு பதிப்பு. அதில் நான்காம் பதிப்பு 1986, ஐந்தாம் பதிப்பு 1998. நடுவில் 12 வருஷம். உதரவிதானக் குடலிறக்கத்தின் மருத்துவம் தலைகீழானது ஏறக்குறைய முழுவதுமாக அந்தப் 12 வருஷத்துக்குள்தான். 1995-ல் ஒருவர் அலமாரியிலிருந்து நடப்புப் பதிப்பை எடுத்துப் படித்தால், ஒன்பது வருஷம் பழைய உலகத்தைத்தான் படித்திருப்பார். அமெரிக்கக் குழந்தை அறுவை மருத்துவர் சங்கம் இணையத்தில் நடத்தும் நூலுக்கு 'பாடநூல் அல்ல' என்றே பெயர் வைத்திருப்பதில் ஒரு குறும்பு இருக்கிறது, ஒரு வருத்தமும் இருக்கிறது. பதிப்பு எண் இல்லாமல், அத்தியாயம் அத்தியாயமாகத் திருத்திக்கொண்டே போகிறார்கள்.

எனக்குப் பாடநூல்கள் மேல் உள்ள குறை, பழசாகிவிடுகின்றன என்பது இல்லை. அச்சடித்தது பழசாகத்தான் செய்யும். சந்தேகத்தை அழித்துவிடுகின்றன என்பதுதான் குறை. 'முதலில் நிலைப்படுத்து, பிறகு அறுவை செய்' என்று இன்று எல்லா நூல்களும் உறுதியாகச் சொல்கின்றன. ஆனால் உடனடி அறுவையையும் தள்ளிப்போட்ட அறுவையையும் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிப் பிரித்து ஒப்பிட்ட சோதனைகள் இரண்டுதான். 1994-ல் ஒன்று, 1996-ல் ஒன்று. சேர்த்தால் 90 குழந்தைகள்கூட இல்லை. இரண்டிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாம் காத்திருப்பது சோதனை அப்படிச் சொன்னதால் அல்ல. காத்திருந்தால் மேஜைக்குப் போகும் குழந்தை நல்ல நிலையில் போகிறது என்று கைப்பழக்கத்தில் கண்டதாலும், அவசரத்தால் லாபம் இல்லை என்று தெளிவானதாலும்தான். நானும் காத்திருக்கத்தான் சொல்வேன். காரணம் எவ்வளவு பலமானது என்பதையும் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவே.

இரண்டாம் இரவு

சரி, குழந்தைக்கு வருகிறேன். ஐரோப்பிய மையங்கள் 2010-ல் சேர்ந்து எழுதி 2015-ல் திருத்திய ஒருமித்த வழிகாட்டுதலைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். வென்டிலேட்டரின் உச்ச அழுத்தம் 25-ஐத் தாண்டக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு 50 முதல் 70 வரை இருக்கலாம். வலது கை ஆக்சிஜன் அளவு 80 முதல் 95 வரை போதும். இரைப்பைக் குழாயை உறிஞ்சியில் போட்டுக் காற்றை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தையைச் சத்தமும் தொடுதலும் இல்லாமல் விட வேண்டும். வந்ததும் அழுத்தத்தை 28-லிருந்து 24-க்கு இறக்கினோம். வலியை அடக்க ஃபெண்டனில் ஓடியது, ரத்த அழுத்தத்துக்கு நார்அட்ரினலினும் இதயத்துக்கு மில்ரினோனும் சேர்த்தோம். நுரையீரல் ரத்தக் குழாய்களை விரிக்கும் வாயுவான நைட்ரிக் ஆக்சைடை 20 பிபிஎம் அளவில் ஆறு மணி நேரம் கொடுத்துப் பார்த்தோம். பலன் இல்லை, படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டோம். 1997-ல் வந்த சோதனையிலும் இந்த நோயுள்ள குழந்தைகளுக்கு அந்த வாயு சாவையோ எக்மோ (ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பும் இயந்திரம்) தேவையையோ குறைக்கவில்லை. ஆனாலும் கையில் இருக்கும்போது கொடுத்துப் பார்க்காமல் இருக்க மனம் வருவதில்லை. எக்மோ எங்களிடம் இல்லை. வென்டிலேட்டர் எவ்வளவு பாடுபட்டு எவ்வளவு ஆக்சிஜன் ஏற்றுகிறது என்பதைக் காட்டும் ஆக்சிஜனேற்றக் குறியீடு வந்தபோது 29, கூடினால் மோசம். நாற்பதைத் தாண்டி அங்கேயே நின்றால் எக்மோ உள்ள இடத்துக்கு அனுப்பும் பேச்சு எழும். அவ்வளவு தூரம் போகவில்லை.

இரண்டாம் இரவுப் பணி எனக்கு. அதிகாலை 2.40. வலது கை 84, பாதம் 71. ரத்த வாயு: பிஹெச் 7.26, கார்பன் டை ஆக்சைடு 63, திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறும் லாக்டேட் 2.1. சிறுநீர் போகிறது. வழிகாட்டுதலின்படி எல்லாம் உள்ளே. செய்ய வேண்டியது எதுவும் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆனால் 84 என்ற எண் மானிட்டரில் நீல நிறத்தில் மின்னிக்கொண்டே இருந்தது. ஆரோக்கியமான மனிதர்களின் 98-ஐயே பார்த்துப் பழகிய கண். பத்து நிமிடம் பார்த்தேன். அப்புறம் அழுத்தத்தை 24-லிருந்து 26 ஆக்கினேன், 86. இன்னும் கொஞ்சம், 29. எண் 93-க்கு ஏறியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. கேஸ் ஷீட்டில் 'முன்னேற்றம்' என்று எழுதியும் வைத்தேன். அந்த வார்த்தையைப் பிறகு அடிக்கவில்லை, அப்படியே இருக்கிறது.

4.15-க்கு வலது கை 58-க்கு விழுந்தது. ரத்த அழுத்தமும் கூடவே. வலது நெஞ்சு ஏறி இறங்கவில்லை. சிஸ்டர் விளக்கை அணைத்துவிட்டு ஒளிக்குழாயை வலது நெஞ்சில் வைத்தார். காகித விளக்குக்குள் மெழுகுவத்தி ஏற்றின மாதிரி அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பாய் ஒளிர்ந்தது. நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசிந்து நெஞ்சுக்குள் நிரம்பியிருந்தது. அதுவும் வலது நுரையீரல். இந்தக் குழந்தைக்கு நுரையீரல் என்று சொல்லும்படி இருந்தது அது ஒன்றுதான். இரண்டாம் விலா இடைவெளியில் ஊசியைச் செருகியதும் 'ஸ்ஸ்' என்று காற்று வந்தது. குழாய் வைத்தோம். பன்னிரண்டு நிமிடத்தில் எண் 80-ஐத் தொட்டது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

காலையில் எங்கள் மூத்த மருத்துவரான மேடம் வந்து கேஸ் ஷீட்டைப் படித்தார். குரலை உயர்த்தவில்லை. "84 இருந்துச்சு. 93 ஆக்கின. யாருக்காக ஆக்கின, குழந்தைக்கா, உனக்கா?"

எனக்கு வழிகாட்டுதல் மனப்பாடம். ஒருமித்த கருத்தின் எண்களை முந்தின நாள் மாலைதான் பயிற்சி மருத்துவர் இருவருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். இருந்தும் அதிகாலையில் என் கை செய்தது 1980-களின் பாடம். நல்ல பக்கத்து நுரையீரல் கிழிவதுதான் அந்தக் காலத்தில் இந்தக் குழந்தைகளின் சாவுக்கு முக்கிய வழிகளில் ஒன்று. புதிய பதிப்பைப் படித்துவிட்டால் பழைய பதிப்பு மறந்துபோகும் என்று நினைத்திருந்தேன்.

அறுவை

ஐந்தாம் நாள் காலை, நான்கு முழு நாள் காத்திருந்த பிறகு, பார்க்க வேண்டிய நான்கும் சரியாக இருந்தன. ரத்த அழுத்தம் வயதுக்குரிய அளவில். 40 சதவீத ஆக்சிஜனிலேயே வலது கை 92. லாக்டேட் 1.8. சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 2 மி.லி. கைக்கும் காலுக்கும் வித்தியாசம் நான்குதான். மேடம் "இன்னிக்கு" என்றார்.

நெஞ்சுக்குள் கேமரா விட்டுச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். வடு சிறியதாக இருக்கும், உண்மைதான். ஆனால் கேமரா வைக்க நெஞ்சுக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்ப வேண்டும். லண்டனில் 2013-ல் 20 பச்சிளங்குழந்தைகளை வைத்து நடந்த சிறிய சோதனையில், உதரவிதானக் குடலிறக்கம் உள்ளவர்களுக்கு அப்போது ரத்தத்தில் அமிலம் மிகவும் ஏறியது தெரியவந்தது. தைத்த இடம் மறுபடி பிரிந்துகொள்வதும் அந்த முறையில் அதிகம். நுரையீரல் நன்றாக உள்ள, ஓட்டை சிறியதான குழந்தைக்குச் செய்யலாம். இவளுக்கு வேண்டாம் என்று முடிவானது.

இடது விலா விளிம்புக்குக் கீழே திறந்தோம். சிறுகுடல், பெருங்குடலில் பாதி, இரைப்பை, மண்ணீரல், எல்லாம் மேலே. குடலை மெதுவாக, இழுக்காமல், ஈரத்துணியில் பற்றிக் கீழே கொண்டுவந்தோம். மண்ணீரலைக் கடைசியில். அது கிழிந்தால் நிற்காத ரத்தம், ஆகவே விரலை அதன் பின்னால் விட்டு முழுதாகத் தாங்கி எடுக்க வேண்டும். எல்லாம் இறங்கியதும் ஓட்டை வழியாக மேலே பார்த்தேன். மூலையில் இளஞ்சிவப்பாக, என் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் இடது நுரையீரல். அதை ஊதி விரிக்க முயலக் கூடாது. மயக்க மருத்துவர் நான் கேட்காமலே காற்றுப் பையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஓட்டை 5 செ.மீ.க்கு 4 செ.மீ. முன்பக்கம் நல்ல தசை, பின்பக்கம் நூல் மாதிரி ஒரு விளிம்பு, பக்கவாட்டில் அதுவும் இல்லை. ஓட்டையின் அளவை வைத்துப் பிரிக்கும் ஏ (சிறியது) முதல் டி (மிகப் பெரியது) வரையான வகைகளில் சி. இழுத்துத் தைத்தால் வரும்தான். ஆனால் இறுக்கமாகத் தைத்த தையல் கொஞ்ச நாளில் அறுத்துக்கொள்ளும், நெஞ்சும் வளரும்போது கோணும். கோர்-டெக்ஸ் என்ற செயற்கைத் துணியில் பேட்ச் வைத்தோம். சமமான துண்டாக வைக்காமல், ஓரத்தில் மடிப்பு எடுத்துக் கிண்ணம் மாதிரிக் குவித்து வைத்தோம். குழந்தை வளரும், பேட்ச் வளராது. அதனால் இப்போதே கொஞ்சம் கூடுதல் துணி இருக்க வேண்டும். தையல்காரர்கள் குழந்தைச் சட்டையில் உள்மடிப்பு விட்டு வைப்பது மாதிரி. விளிம்பு இல்லாத பக்கத்தில் தையலை விலா எலும்பைச் சுற்றிப் போட்டு வந்தோம். இடது நெஞ்சில் வடிகுழாய் வைக்கவில்லை. முன்பெல்லாம் வைப்பார்கள், உறிஞ்சினால் நடுநெஞ்சு அந்தப் பக்கம் இழுபட்டு நல்ல நுரையீரலுக்குத்தான் கஷ்டம். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடிந்தது.

அன்று மாலை நிலைமை மோசமானது. ஆக்சிஜன் 40-லிருந்து 65 சதவீதத்துக்குப் போனது. டொரண்டோக்காரர்கள் 1987-ல் அளந்தது இதைத்தான், எதிர்பார்த்ததுதான். மானிட்டரில் 83, 84 என்று ஓடியது. அந்த இரவும் எனக்கே பணி. அழுத்தம் 24. கையைக் கோட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். காலையில் 89.

ஏழாம் நாள் வலது பக்கக் குழாயை எடுத்தோம். பதினான்காம் நாள் மூச்சுக்குழாய் ட்யூபை எடுத்தோம், அன்றைக்குத்தான் அவள் குரலை அம்மா முதன்முதலாகக் கேட்டார். பால் குடிப்பதுதான் பெரிய போராட்டம். இந்தக் குழந்தைகளுக்கு உணவு எதுக்களிப்பது ஏறக்குறைய நோயோடு கூடவே வரும் விஷயம். மூக்குக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து, பத்து நாளில் பாலாடைக்கு வந்து, 34-ஆம் நாள் வீட்டுக்குப் போனாள்.

பாட்டி அன்று என்னிடம் வந்து, "நான் அன்னிக்குக் கோவமாப் பேசிட்டேன் தம்பி" என்றார். கோபமாகப் பேசவில்லை, சரியான கேள்விதான் கேட்டீர்கள் என்று சொன்னேன். வலது நுரையீரல் கிழிந்த கதையை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது நடந்த அன்று காலையே சொல்லியிருந்தோம். பாட்டிக்கு அவர்கள் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் அந்த இடத்தில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு

ஸ்கேனில் முன்னமே தெரிந்திருந்தால் வேறு வழி இருந்திருக்குமா என்று அப்பா பிறகு கேட்டார். கருவிலேயே மூச்சுக்குழாயில் சிறு பலூனை வைத்து அடைப்பார்கள், நுரையீரலில் சுரக்கும் நீர் வெளியேறாமல் தங்கி அதை விரிக்கும். பெல்ஜியத்தின் லூவன் நகரில் யான் டெப்ரெஸ்ட் தலைமையில் பல நாட்டு மையங்கள் நடத்திய சோதனை 2021-ல் வெளியானது. நுரையீரல் மிக மோசமான கருக்களில் பலூன் வைத்தவர்களில் 40 சதவீதம் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள், வைக்காதவர்களில் 15 சதவீதம். நடுத்தரமானவர்களில் 63-க்கு 50, அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பனிக்குடம் சீக்கிரமே உடையும் ஆபத்து இரண்டிலும் உண்டு. இவள் நடுத்தரத்தில் வந்திருப்பாள் என்று நினைக்கிறேன், ஆகவே பலூன் வைக்கச் சொல்லியிருக்க மாட்டோம். முன்பே தெரிந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது அதைவிடச் சாதாரணமான ஒன்று: எங்களைப் போன்ற இடத்தில் பிரசவம், மாஸ்க் வைக்காமல் நேராக ட்யூப்.

பதின்மூன்றாம் மாதம் அம்மா போன் செய்தார். மூன்று நாளாகச் சாப்பிட்டதெல்லாம் வாந்தி, நடுவில் வீரிட்டு அழுகிறாள் என்றார். எதுக்களிப்பு என்று மருந்தை மாற்றி எழுதியிருக்கலாம், போனிலேயே வாய் வரைக்கும் வந்தது. வரச் சொன்னோம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் பேட்சுக்கு மேலே, முதுகுப் பக்கம், ஒரே ஒரு காற்று வளையம். விளிம்பே இல்லாத அந்தப் பக்கவாட்டு மூலையில், விலாவைச் சுற்றிப் போட்ட தையல்களில் இரண்டு விட்டுப்போயிருந்தது. பேட்ச் வைத்த குழந்தைகளில் இது அபூர்வம் இல்லை. மறுபடி திறந்து, அந்த மூலைக்கு மட்டும் இன்னொரு துண்டு வைத்துத் தைத்தோம். ஆறு நாளில் வீட்டுக்குப் போனாள்.

இப்போது இரண்டரை வயது. எடை வளர்ச்சிக் கோட்டின் கீழ் ஓரத்தில் இருக்கிறது, ஆனால் கோட்டோடு சேர்ந்து ஏறுகிறது. மாடிப்படியை ஓடி ஏறுகிறாள், மேலே போனதும் கொஞ்சம் நின்று மூச்சு வாங்குகிறாள். எதுக்களிப்புக்கு மருந்து நிறுத்தியாகிவிட்டது. நெஞ்செலும்பும் முதுகும் நேராக இருக்கின்றனவா என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். பிறந்தபோதும் ஆறு மாதத்திலும் காது சரியாகத்தான் கேட்டது, ஆனால் இந்த நோயில் பிழைத்தவர்களுக்குக் கேட்கும் திறன் பின்னாளில் குறையலாம். அடுத்த மாதம் காது பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.